அறுபது நாள் போணி

கள்ளிக்குப்பத்தில் தாட்சாயிணியைத் தெரியாதவர்கள் இருக்கலாம், அவள் மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலுக்கு எதிரே பத்துக்கு எட்டில் ஒரு கடை. உள்ளே ஒரு கிரைண்டர், ஒரு ஃபிரிட்ஜ், இரண்டு அண்டா, சுவரில் நகைக்கடை கொடுத்த மாதக் காலண்டர். தினமும் அறுபது பாக்கெட் இட்லி மாவு போடுவாள். ராத்திரி எட்டு மணிக்கு ஷட்டரை இறக்கும்போது எத்தனை பாக்கெட் மிச்சமோ அதைக் காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே எழுதுவாள். எட்டு, ஐந்து, ஏழு என்று போகும். பன்னிரண்டைத் தாண்டினால் சிவப்பு மையில் எழுதுவாள், மறுநாள் அவள் எதிரில் யாரும் நிற்க முடியாது.

நாற்பத்திரண்டு வயது. வாய் கொஞ்சம் நீளம். மாவில் தண்ணீர் கூடிவிட்டது என்று சொல்ல வந்தவர்கள், தங்கள் வீட்டு இட்லித் தட்டில்தான் கோளாறு என்று ஒத்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். ஆனால் அப்பேர்ப்பட்டவளும் ஒரு விஷயத்துக்கு மட்டும் அடங்கிப் போவாள். அதுதான் போணி. காலையில் முதல் வியாபாரம் யார் கையால் ஆகிறதோ, அவர் ராசிப்படிதான் அன்றைய நாள் ஓடும் என்பது அவள் கட்சி. இதில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் யாருமில்லை.

அவளுக்குப் போய் ராசியில் இத்தனை நம்பிக்கை இருந்ததுதான் வேடிக்கை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து மருமகளாக வந்தாள். வந்த முதல் வாரத்தில் போர்வெல் மோட்டார் புகைந்து போயிற்று. இரண்டாவது வாரம் மாமனார் வரப்பில் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. ராசியில்லாதவள் என்று மாமியார் ராணியம்மாள் தீர்ப்பு எழுதிவிட்டார். அந்த மோட்டார் ஓடிய நிலமே பிறகு மனையாகி விற்றுப்போயிற்று. மாமனாரின் காலும் சேர்ந்து, எண்பது வயது வரைக்கும் நடந்து தீர்த்துவிட்டுத்தான் போனார். பெயர் மட்டும் போகவில்லை. வீட்டில் எது புதிதாக ஆரம்பித்தாலும் தாட்சாயிணி தாம்பாளத்தோடு பின்வரிசையில் நிற்பாள். அவள் கடைக்கு வாங்கிய கிரைண்டருக்கே ராணியம்மாள்தான் முதல் சுவிட்ச் போட்டார். இதற்காக அவள் அழுது யாரும் பார்த்ததில்லை. ராசி என்று ஒன்று உண்டு, தனக்கு அது வாய்க்கவில்லை, அவ்வளவுதான் என்று விட்டுவிட்டாள். ஊரில் எல்லாருக்கும் அப்படி விட்டுவிட முடிகிறதா என்ன.

அடுத்த தெரு ஆக்னஸ், அம்பத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். தாட்சாயிணிக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது, டூட்டி முடிந்த கையோடு வந்து நாலு நாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். தாட்சாயிணி சண்டை போடாத ஆள் அந்தப் பகுதியிலேயே அவள் ஒருத்திதான். போன மாதம் அவளுக்கு ராத்திரி ஷிஃப்ட் போட்டார்கள். ஆறேகால் மணிக்கு ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நேராக மாவுக் கடைக்கு வருவாள். தினமும் அவள்தான் போணி.

அந்த மாதத்தில் மூன்று சிவப்பு எண்கள் விழுந்தன. பதின்மூன்று, பதினைந்து, பதினாலு. மூன்றும் ஆக்னஸ் போணி செய்த நாட்கள்.

ஆக்னஸைப் போய் வராதே என்று சொல்லத் தாட்சாயிணிக்கு வாய் வரவில்லை. ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தாள். “மாவு இன்னும் பொங்கல ஆக்னஸு, செத்த உக்காரு” என்பாள். ஆக்னஸ் கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ராத்திரி முழுக்க நின்ற களைப்பில் உட்கார்ந்தபடியே தூங்கிப் போவாள். வேறு யாராவது வந்து முதல் பாக்கெட்டை வாங்கிய பிறகுதான் தாட்சாயிணி அவளை எழுப்புவாள்.

மோகனப்பிரியாவின் கண்ணில் பட்டது இதுதான். எதிர்க் குடியிருப்பில் மூன்றாவது மாடி, கோபிசெட்டிபாளையத்துக்காரி, ஐடி வேலை. ஒருநாள் ஆக்னஸ் மாவை வாங்கிக்கொண்டு போனதும் அவள் கேட்டாள்.

“ஏனுங்க்கா, அவங்க எனக்கு முன்னாடியே வந்து உக்காந்திருந்தாங்க. எனக்கு எதுக்குங்க முதல்ல குடுத்தீங்க?”

தாட்சாயிணி குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாள், அந்த வாடை கூடவே வருகிறதோ என்னவோ என்று காரணத்தையும் சேர்த்துக்கொண்டாள்.

“எத்தனை நாளுங்க்கா அப்படி ஆச்சு?”

“மூணு நாளு.”

“அவங்க போணி பண்ணின மத்த நாளெல்லாம்?”

“அத்த எதுக்கு நாபகம் வெச்சிகினு? நல்லா போன நாளு மனசுல நிக்குதா இன்னா?”

மோகனப்பிரியா காலண்டரைப் புரட்டிப் பார்த்தாள். ஆக்னஸ் போணி செய்த இருபது நாளில் இரண்டும் நாலும் ஆறும் நிறையவே இருந்தன. அவளுக்கு ஷிஃப்ட் மாறுவதற்கு முந்தின மாதத்திலும் இரண்டு சிவப்பு எண்கள் இருந்தன.

“இந்தப் பதினாலு யாருங்க்கா? அப்ப அவங்க வரவே இல்லீங்களே.”

“அன்னிக்கு மழ.”

“அவங்க வந்த பதினஞ்சு அன்னைக்கு?”

தாட்சாயிணி கொஞ்சம் யோசித்தாள். “அன்னிக்கும் மழதான்” என்றாள்.

மோகனப்பிரியா சிரிக்கவில்லை. அவள் பிழைப்பே இதுதான். ஒரு செயலியில் பொத்தான் பச்சையாக இருந்தால் அதிகம் பேர் அமுக்குகிறார்களா, ஆரஞ்சாக இருந்தாலா என்று கண்டுபிடிப்பதற்கு அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். வித்தியாசம் ஒன்றுமில்லை என்றுதான் முதலில் வைத்துக்கொள்வார்களாம். சும்மா தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வர வாய்ப்பே இல்லை என்கிற அளவுக்குக் கணக்கு வந்தால்தான் அந்த எண்ணத்தைக் கைவிடுவார்களாம். கோர்ட்டில் குற்றம் நிரூபிக்கும் வரைக்கும் நிரபராதி என்பதைப் போல. தாட்சாயிணிக்கு அந்தக் கோர்ட்டுப் பேச்சு பிடித்திருந்தது.

“அப்ப எத்தினி நாள் பாத்தா தெரியும்?”

“நீங்க எவ்வளவு வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கணும்னு இருக்குதுங்க, அதைப் பொறுத்துங்க்கா. மாவுல ஒரு கரண்டி உப்பு கூடிப்போச்சுன்னா?”

“ஒரு வாட்டி நாக்குல வெச்சா போதும்.”

“ஒரு சிட்டிகை கூடிருந்தா?”

“பத்து பேரு துன்னு பாத்தாலும் பத்து விதமா சொல்லுவாங்க.”

“அதேதாங்க. சின்ன வித்தியாசம்னா ரொம்ப நாள் பாக்கோணும். அவங்க போணி பண்ணினா பத்து பாக்கெட் கூட மிஞ்சும்னா, ஒரே வாரத்துல தெரிஞ்சு போகும். ஒரே ஒரு பாக்கெட்தான் கூடும்னா, ஒன்றரை வருஷம் ஆகும்.”

தாட்சாயிணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒரு பாக்கெட்டுக்கெல்லாம் நான் அல்ப ஆள் இல்லை, மூன்று பாக்கெட் என்றால்தான் கவலை என்றாள். மோகனப்பிரியா காலண்டர் எண்கள் எப்படி ஏறி இறங்குகின்றன என்று போனில் ஏதோ தட்டிப் பார்த்துவிட்டு அறுபது நாள் என்றாள். ஏற்பாடு இதுதான். தினமும் ராத்திரி மோகனப்பிரியா காசு சுண்டுவாள். தலை விழுந்தால் குடியிருப்பு வாட்ச்மேன் சின்னசாமி காலை ஆறு மணிக்கே போய் அவளுக்காக முதல் பாக்கெட்டை வாங்கிவிடுவார். பூ விழுந்தால் போகமாட்டார், ஆக்னஸ்தான் போணி. ஆக்னஸுக்கு வார விடுப்பு வரும் நாள் கணக்கில் சேராது. காலண்டரில் மிச்ச எண்ணுக்குப் பக்கத்தில் ஆ அல்லது சி என்று ஓர் எழுத்து இருக்கும்.

ஆக்னஸிடம் சொல்ல வேண்டாமா என்று மோகனப்பிரியா கேட்டாள். முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றாள் தாட்சாயிணி. அதுதான் அவள் செய்த முதல் தப்பு.

நாலாவது நாளே அவள் ஷட்டரிலிருந்து குரல் கொடுத்தாள். ஆக்னஸ் வந்த இரண்டு நாளும் பதினொன்று, பத்து. சின்னசாமி வந்த இரண்டு நாளும் ஐந்து, ஆறு.

“பாத்தியா? இதுக்கு மேல இன்னா ஓணும்?”

மோகனப்பிரியா ஒரு ஐந்து ரூபாய்க் காசை நீட்டி நாலு தடவை சுண்டச் சொன்னாள். பூ, பூ, தலை, பூ என்று விழுந்தது.

“மூணு பூ, ஒரு தலை. கள்ளக் காசுங்களா?”

“சும்மா உழுந்தா அப்டியும் உழும், இப்டியும் உழும்.”

“உங்க நாலு நாளும் சும்மா அப்படி விழுந்திருக்கலாம் இல்லீங்களா? அதுவும் உங்களுக்குப் பிடிச்ச மாதிரி விழுந்த உடனே நிறுத்துறேங்கறீங்க. அறுபதுன்னு பேசினா அறுபதுங்க்கா.”

தாட்சாயிணி முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டாள். பத்தாவது நாள் கணக்கு தலைகீழாகி இருந்தது. ஆக்னஸ் நாட்களில் மிச்சம் மூன்று, இரண்டு, ஒருநாள் ஒன்றுமே இல்லை. மோகனப்பிரியாவுக்கு உதைத்தது. சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் நேராகக் கடைக்குப் போய் நின்றாள். அன்று ஆக்னஸ் நாள். ஒவ்வொரு மாவு பாக்கெட்டோடும் ஒரு சின்னக் கவரில் கொத்தமல்லிச் சட்னி இனாமாகப் போய்க்கொண்டிருந்தது. கல்லா மேல் ஒரு எலுமிச்சம்பழம் வேறு.

“அக்கா, இது என்னங்க?”

“பின்ன? அவ போணின்னு தெரிஞ்சிகினு கைய கட்டிகினு உக்காந்திருப்பாங்களா? நம்ம ஜாக்கிரதையில நம்ம இருக்கணும்ல.”

“சின்னசாமி அண்ணன் வர்ற நாள்ல சட்னி உண்டுங்களா?”

“அன்னிக்கு இன்னாத்துக்கு?”

மோகனப்பிரியா தலையில் கை வைத்துக்கொண்டு பக்கெட்டின் மேல் உட்கார்ந்தாள். போணியைத் தவிர வேறு எல்லாம் இரண்டு விதமான நாளிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நாம் ஆக்னஸைப் பார்க்கவில்லை, சட்னியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றாள். பத்து நாளும் வீண். மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. எலுமிச்சம்பழம் தினமும் இருப்பதானால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரு சமாதானம் ஆயிற்று.

இந்தத் தடவை தாட்சாயிணி நேர்மையாக நடந்துகொண்டாள். நாள் ஆக ஆக அவளுக்கே ஒன்று புரிந்தது. முதல் வாரத்தில் ஆக்னஸ் பக்கம் ஓடிய எண்கள் இரண்டாம் வாரத்தில் சின்னசாமி பக்கம் ஓடின. பிறகு இரண்டும் கலந்து குழம்பி, எந்தப் பக்கமும் சாயாமல் நின்றன. காலையில் ஆக்னஸை மாவு பொங்கவில்லை என்று உட்காரவைக்க வேண்டிய அவசியமும் இல்லை. முதல் ஆளாக வந்தால் முதல் பாக்கெட். அதுவே மனதுக்கு இலேசாக இருந்தது.

முப்பத்து நாலாம் நாள் தாட்சாயிணியின் கையெல்லாம் மாவு. நீயே ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக்கொள் என்று ஆக்னஸிடம் சொன்னாள். ஃபிரிட்ஜுக்கு மேலேதான் காலண்டர். ஆக்னஸ் பாக்கெட்டை எடுத்தாள், காலண்டரை ஒரு நிமிஷம் பார்த்தாள், ஒன்றும் கேட்காமல் போய்விட்டாள். ஆனால் கேட்டில் நின்று சின்னசாமியிடம் கேட்டாள். சின்னசாமிக்குப் பொய் சொல்லத் தெரியாது. ஆ என்றால் யார், சி என்றால் யார், காசு எதற்கு, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லிவிட்டு, அப்பாவியாகச் சிரித்தார்.

மறுநாள் ஆக்னஸ் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள், அவள் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி எதிர்ச் சாரியிலேயே நடந்து போனதைத் தாட்சாயிணி பார்த்தாள். அன்று அறுபது பாக்கெட்டும் ஐந்து மணிக்கே விற்றுத் தீர்ந்தன. காலண்டரில் பூஜ்யம் போட அவளுக்குக் கை வரவில்லை. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. ஷட்டரை இறக்கிவிட்டு, தூக்குவாளியில் மாவோடு அடுத்த தெருவுக்குப் போனாள்.

ஆக்னஸ் கதவைத் திறந்தாள். தூங்கி எழுந்த முகம். உள்ளே வா என்று சொல்லவில்லை.

“மாவு கொண்டாந்தேன்” என்றாள் தாட்சாயிணி.

“வெச்சிட்டுப் போங்க்கா. நான் கைல வாங்கினா உங்களுக்கு ஆவாதே.”

தாட்சாயிணி தூக்கை வாசற்படியில் வைத்தாள்.

“பக்கெட்டு மேல உக்கார வெச்சீங்களே, மாவு பொங்கலன்னு. அதுவும் இதுக்குத்தானா?”

“ஆமா.”

“எத்தினி நாள் பாத்துட்டு அப்டி முடிவு பண்ணீங்க?”

“மூணு.”

ஆக்னஸ் சிரித்தாள். அந்தச் சிரிப்பு தாட்சாயிணிக்குத் தாங்கவில்லை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். காலண்டர், சட்னி, காசு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள் நடுவில் நின்றுபோனாள். மோட்டார் ஒன்று. கால் ஒன்று. அவள் விரல்கள் தாமாகவே மடிந்தன.

“எனக்கு ரெண்டுதான் பாத்தாங்க ஆக்னஸு” என்றாள். “ரெண்டே ரெண்டு. இருவத்திரெண்டு வருசமா பின்னாடி நிக்கிறேன். அது எப்டி இருக்கும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே உன்ன உக்கார வெச்சேன் பாரு.”

இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவள் அதற்காக அழுதாள். ஆக்னஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தூக்கை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

“இன்னும் எத்தினி நாள் பாக்கி?”

“இருவத்தாறு. அத்த உடு, நான் அந்தக் காலண்டர கிழிச்சிப் போட்டுர்றேன்.”

“அதெல்லாம் முடியாது. பாதியில உட்டா என் பேரு அப்டியே நின்னுடும். முழுசா எண்ணி முடிங்க, நான் வரேன்.”

மிச்ச நாட்களுக்கு ஆக்னஸ் வந்தாள். காலண்டரில் ஆ போடும்போது எழுத்து ஒழுங்காக இருக்கிறதா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள். அறுபதும் முடிந்தபோது காசு முப்பத்திரண்டு நாளை ஆக்னஸுக்கும் இருபத்தெட்டைச் சின்னசாமிக்கும் கொடுத்திருந்தது. மோகனப்பிரியா கடைக்கு வந்து சொன்னாள். ஆக்னஸ் போணி நாட்களில் மிச்சம் சராசரியாக ஏழே முக்கால். சின்னசாமி நாட்களில் எட்டே கால்.

“அப்ப ஆக்னஸு ராசிக்காரின்னு சொல்லு” என்று துள்ளினாள் தாட்சாயிணி.

“அப்படியும் சொல்ல முடியாதுங்க்கா. அரை பாக்கெட் சும்மாவே வரும். மூணு பாக்கெட் வித்தியாசம் இருந்திருந்தா இத்தனை நாள்ல அனேகமா தட்டுப்பட்டிருக்கும், படலீங்க. ஒண்ணுமே இல்லைன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். அரை பாக்கெட், ஒரு பாக்கெட் இருந்தாலும் இருக்கும். அதுக்கு ஒன்றரை வருஷம் எண்ணோணும்.”

“ஒரு பாக்கெட்டுக்கோசரம் மனுசாள உடுவாங்களா” என்று தாட்சாயிணி சொல்லிவிட்டுக் காலண்டரைக் கழற்றினாள். தூக்கிப் போடவில்லை, சுருட்டி ஆக்னஸின் பையில் செருகினாள்.

அடுத்த மாதம் புது கிரைண்டர் வந்தது. சாய்த்து மாவை வழிக்கிற பெரிய கிரைண்டர். மூன்று வருடக் கனவு. சந்தனம் குங்குமம் வைத்து மாலையும் போட்டாயிற்று. வீட்டுக்காரர் பரந்தாமன் ஒயரைச் செருகிவிட்டு, வழக்கப்படி அம்மாவைப் பார்த்தார். ராணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். தாட்சாயிணி தாம்பாளத்தோடு பின்னால் நின்றாள், பழக்கம்.

ஆக்னஸ் அந்தத் தாம்பாளத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “நீங்க போடுங்க்கா” என்றாள்.

தாட்சாயிணி மாமியாரைப் பார்த்தாள், ஆக்னஸைப் பார்த்தாள், நாலடி முன்னால் வந்து சுவிட்சைப் போட்டாள்.

கிரைண்டர் அரைச் சுற்று சுற்றி நின்றது. விளக்கு அணைந்தது. ஃபிரிட்ஜ் நின்றது. எதிர்க் குடியிருப்பில் லிஃப்ட் நின்று யாரோ கத்துவது கேட்டது. ராணியம்மாள் வாயைத் திறந்தார்.

“இது ஒண்ணுதான் அத்த” என்றாள் தாட்சாயிணி, சுவிட்சிலிருந்து கையை எடுக்காமலே. “இன்னும் அம்பத்தொம்போது கீது.”

கரண்ட் இருபது நிமிஷம் கழித்து வந்தது. அதுவரைக்கும் அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.